பதினாறாம் நாள் வரை காத்திருக்கக் கூடாத மருந்துகள்

புற்றுநோய் முற்றியவர்களையும் படுக்கையில் விழுந்த முதியவர்களையும் கடைசிக் காலத்தில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. அவர் போன பிறகு வீட்டில் தங்கிவிடும் மருந்துகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக் குழுவினர் பதிலளிக்கிறார்கள்.

அம்மா புற்றுநோயால் வீட்டிலேயே காலமானார். மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை நான்கு அட்டை மிச்சம் இருக்கிறது. தூக்க மாத்திரை, வாந்தி மாத்திரை, மலமிளக்கி சிரப் என்று இன்னும் ஒரு பை நிறைய இருக்கின்றன. மருந்துக்கடையில் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது? — ஒரு வாசகி, கும்பகோணம்

முதலில், கடும் வலிக்குக் கொடுக்கும் வீரியமான மருந்தான மார்ஃபினை மட்டும் பையிலிருந்து எடுத்துப் பூட்டி வையுங்கள். மற்றவை சில நாள் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் நோயாளியின் அறையை ஒழிப்பது வழக்கம். அதுவரை துக்கம் கேட்க வருபவர்கள், உறவினர்களின் குழந்தைகள் என வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். கட்டிலருகே இருக்கும் மருந்து டப்பாவை யாரும் கவனிக்க மாட்டார்கள். மார்ஃபின் பழகிய உடம்புக்கு 10 மி.கி. சாதாரண அளவு. தவழும் குழந்தைக்கு அந்த ஒரே மாத்திரை மூச்சை அடக்கிவிடும்.

வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து மாத்திரைகளை எண்ணி, எத்தனை மிச்சம் என்று தேதியோடு நோயாளியின் மருந்துச் சீட்டிலேயே எழுதுங்கள். பிறகு மார்ஃபின் கொடுத்த இடத்துக்கே, அது அரசு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவோ தொண்டு நிறுவனமோ, கொண்டுபோய் ஒப்படையுங்கள். மார்ஃபின் வழங்க அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு வைத்தாக வேண்டும். அதனால் திரும்பி வருவதையும் பதிவுசெய்து, உரிய முறையில் அழிப்பார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், எங்கே யாரிடம் கொடுப்பது என்று வழிகாட்டுவார்.

மருந்துக்கடைக்காரர் மறுத்தது சரிதான். வெளியே போய் எந்தச் சூட்டில் இருந்தது என்று தெரியாத மாத்திரையை அவர் மறுபடி விற்கக் கூடாது.

மலமிளக்கி, வாந்தி மாத்திரை, வலி நிவாரணப் பிரிவில் வாங்கிய மற்ற மாத்திரைகள் (அடுத்த பதிலில் வரும் விதிவிலக்கு மருந்துகள் தவிர) ஆகியவற்றையும் அந்தப் பிரிவிலேயே கொடுக்க முடிந்தால் நல்லது. வழியில்லை என்றால் அட்டையிலிருந்து பிரித்து, பொடிக்காமல், இரு மடங்கு காபிச் சக்கையோ தேயிலைச் சக்கையோ ஈர மண்ணோ கலந்து, ஜிப் பையில் கட்டி வீட்டு அபாயக் கழிவாகக் கொடுங்கள். சக்கை கலப்பது, குப்பையைக் கிளறும் நாயோ குழந்தையோ அதைத் தின்னாமல் இருப்பதற்காக. பொடித்தால் தூசி மூக்கில் ஏறும். காலாவதியான மருந்தும் பயன்படுத்திய ஊசியும் வீட்டு அபாயக் கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வரையறுத்தன. எனவே மட்கும் குப்பையோடும் மட்காத குப்பையோடும் சேர்க்காமல், தனிப் பையாகத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். கொல்லையில் போட்டுக் கொளுத்தவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம்.

கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம் என்கிறார்களே, கிணற்று நீர் கெடாதா? — ஒரு வாசகர், பொள்ளாச்சி

பெரும்பாலான மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டவே கூடாது. குறிப்பாக ஆன்டிபயாட்டிக்குகளை. அவை நீரில் கலந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழி செய்கின்றன.

விதிவிலக்கு சில உண்டு. 2025இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில், கழிப்பறையில் போட்டு நீர் ஊற்றி அப்புறப்படுத்த வேண்டியவை என்று 17 மருந்துகள் உள்ளன. வீரியமான வலி மருந்துகளான மார்ஃபின், ஃபென்டானில், ட்ரமடால், டாபென்டடால், புப்ரினார்ஃபின், மெத்தடோன், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் டயஸிபாம் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒரே ஒரு வேளை தவறான ஆள் விழுங்கினாலும் உயிர் போகலாம் என்பதே காரணம். நீரில் கலக்கும் சிறு அளவின் தீங்கை விட அந்த ஆபத்து பெரிது. திருப்பி ஒப்படைக்க இடம் இருந்தால் அதுவே முதல் வழி. ஊர் தொலைவு, இன்றோ நாளையோ போக முடியாது என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்துப் போடுங்கள். அலுமினிய அட்டை உள்ளே போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு முழு வாளித் தண்ணீர் ஊற்றி, எல்லாம் போய்விட்டதா என்று நின்று பாருங்கள். பல வீடுகளில் ஒரு குவளைத் தண்ணீரோடு விட்டுவிடுகிறார்கள், மாத்திரை கோப்பையிலேயே கிடக்கிறது.

கேரளத்தில் வீட்டு மருந்துகளைத் திரட்டி அழிக்கும் என்-பிரவுட் திட்டத்தை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கோழிக்கோட்டில் தொடங்கியது. அப்படியொரு பெட்டி ஒவ்வொரு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்பா உடம்பில் வலிக்கான ஃபென்டானில் பேட்ச் ஒட்டியிருந்தபோதே உயிர் பிரிந்தது. அதை என்ன செய்ய வேண்டும்? கழற்றிப்போட்ட பழைய பேட்ச்களும் குப்பைக்கூடையில் இருக்கின்றன. — ஒரு வாசகர், மதுரை

இந்தக் கேள்வியை எல்லாக் குடும்பங்களும் முன்கூட்டியே கேட்டிருந்தால் நன்றாக இருக்கும். பேட்ச் என்பது தோல் வழியாக மருந்தை இறக்கும் ஒட்டுப் பட்டை, 72 மணி நேரம் ஒட்டியிருப்பது. மூன்று நாள் கழித்துக் கழற்றும்போதும் அதில் பாதிக்கு மேல்கூட மருந்து தங்கியிருக்கலாம். ‘தீர்ந்துபோன பேட்ச்’ என்று ஒன்று கிடையாது. குழந்தை அதை ஸ்டிக்கர் என்று நினைத்துக் கையில் ஒட்டிக்கொள்ளும், வாயில் போட்டு மெல்லும். வெளிநாடுகளில் இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

மருத்துவர் மரணத்தை உறுதிசெய்த பிறகு, குளிப்பாட்டுவதற்கு முன்பே பேட்ச்சைக் கழற்றிவிட வேண்டும். மார்பு, முதுகு, மேல்கை மூன்றிலும் தேடுங்கள். நிறம் மங்கலாக இருப்பதால் முதுகில் ஒட்டியது கண்ணில் படாமலே போய்விடும். கையுறை போட்டு ஓர் ஓரத்திலிருந்து உரித்து, பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து அழுத்துங்கள். பசை பசையோடு ஒட்டிக்கொண்டால் மருந்து வெளியே கசியாது. கையில் பசை பட்டால் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு போட்டால் தோல் வழியாக மருந்து இன்னும் வேகமாக இறங்கலாம்.

கூடையில் கிடக்கும் பழைய பேட்ச்களையும் இதேபோல் மடித்து, பிரிக்காத உறைகளோடு சேர்த்து ஒப்படையுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழிப்பறையில் போட்டு நீர் ஊற்றுங்கள். மிதந்து திரும்பி வந்தால் மறுபடி ஊற்றுங்கள். பேட்ச்சைக் கத்தரிக்க வேண்டாம்.

யாராவது தவறுதலாக மார்ஃபினோ பேட்ச்சோ எடுத்துவிட்டால் அடையாளம் மூன்று: எழுப்ப முடியாத தூக்கம், மெதுவான மூச்சு, குண்டூசி முனைபோல் சுருங்கிய கண்மணி. பேட்ச் ஒட்டியிருந்தால் உடனே உரித்துவிட்டு 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்து அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இதன் விளைவை முறிக்க நாலாக்ஸோன் என்ற மருந்து உண்டு.

பக்கத்து வீட்டுத் தாத்தாவும் புற்றுநோய் வலியில் துடிக்கிறார். மிச்சமான மார்ஃபினை அவருக்குக் கொடுத்தால் புண்ணியம்தானே? — ஒரு வாசகி, திண்டுக்கல்

உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் கொடுக்காதீர்கள். மார்ஃபினைப் புதிதாகத் தொடங்குபவருக்கு 2.5 அல்லது 5 மி.கி.தான் ஆரம்ப அளவு, முதியவர்களுக்கு அதிலும் கவனமாக. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரு வேளைக்கு 30 மி.கி.கூடத் தாங்குவார். தாத்தாவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள் வெளியேறாமல் சேர்ந்து, முதல் நாள் நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் மயங்கிக் கிடப்பார். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையாக இருந்து, அதை விழுங்க முடியாமல் பொடித்துக் கொடுத்தால் பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படியும் இது குற்றம். நீங்கள் மருந்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும் அதே இடத்துக்குத் தாத்தாவின் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துப்போங்கள். சீட்டு கிடைத்தால் அவருடைய பேரிலேயே மார்ஃபின் கிடைக்கும்.

புற்றுநோய்க்கான கீமோ மாத்திரைகள் மிச்சம் உள்ளன. — ஒரு வாசகர், சேலம்

வெறுங்கையால் தொடாதீர்கள், அட்டையிலிருந்து உரிக்காதீர்கள், கழிப்பறையிலும் குப்பையிலும் போடாதீர்கள். அட்டையோடு உறையில் கட்டி, சிகிச்சை அளித்த மருத்துவமனையிலேயே கொடுங்கள். கர்ப்பிணிகள் இதைக் கையாளவே கூடாது.

ஊசிகள், சிறுநீர்ப் பை, டயப்பர், பிரிக்காத சத்து மாவு, குளிர்பெட்டியில் இன்சுலின் எல்லாம் இருக்கின்றன. — ஒரு வாசகி, நாகர்கோவில்

ஊசிக்கு மூடி மாட்ட முயலாதீர்கள், விரலில் குத்துவது அப்போதுதான். கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில், அமில புட்டியோ துணி சோப்புத் திரவப் புட்டியோ, முக்கால் அளவு நிரம்பும்வரை போட்டு, மூடியை டேப் சுற்றி, மேலே ‘ஊசி’ என்று எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி எறிந்தால் அது கிழிவது குப்பை அள்ளுபவரின் கையில்தான்.

சிறுநீர்ப் பையைக் கழிப்பறையில் காலி செய்து, டயப்பரைப் போலவே தாளில் சுற்றி, அடையாளமிட்டு, தனியாகக் கொடுங்கள். இன்சுலினை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். மின்வெட்டில் குளிர் விட்டுப்போயிருந்தால் பார்வைக்குத் தெரியாது. மருந்தாக நம்பிப் பயன்படுத்த முடியாது என்பதால் ஊசிகளோடு சேர்த்து ஒப்படையுங்கள். சத்து மாவு, பிரிக்காத டயப்பர் கட்டு, காற்றுப் படுக்கை ஆகியவற்றை மட்டும் வலி நிவாரண மையங்களில் தயங்காமல் கொடுங்கள். அங்கே அவற்றுக்குத் தேவை எப்போதும் உண்டு. மாவு டப்பாவின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.