எம்எல்ஏ வாக்கு மதிப்பு: 308 இல்லை, 176 தான்

நீங்கள் கணக்குப் போட்ட முறை சரிதான், எடுத்த மக்கள்தொகைதான் தப்பு. குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழக எம்எல்ஏ ஒருவரின் வாக்கு மதிப்பு உங்களுக்கு 308 வருகிறது, விடைக்குறிப்பில் 176 என்று இருக்கிறது என்கிறீர்கள். நீங்கள் 2011 கணக்கெடுப்பை எடுத்திருக்கிறீர்கள், ஆனால் அரசியலமைப்பின் 55-வது பிரிவுப்படி 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரை 1971 எண்ணிக்கைதான் செல்லும். அதாவது 4,11,99,168-ஐ 234-ஆல் வகுத்து, வருவதைத் திரும்ப 1000-ஆல் வகுங்கள், 176 வந்துவிடும். மீதி 500-க்குக் குறையாமல் இருந்தால்தான் ஒன்று கூட்ட வேண்டும், இங்கே 65-கூட இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களின் பலம் அதனாலேயே குறைந்துவிடக் கூடாது என்றுதான் இப்படி நிறுத்தி வைத்தார்கள், அது முழுக்க நியாயம் என்பேன். அப்புறம், எம்பி மதிப்புக்குக் கணக்குப் போடும்போது நியமன உறுப்பினர்களைச் சேர்த்துவிடாதீர்கள், அவர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கு கிடையாது.