ரத்தக்கசிவு வைரஸ் காய்ச்சலை எந்த அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது?

எபோலா மாதிரியான காய்ச்சல் என்றால் கண்ணிலும் மூக்கிலும் ரத்தம் வரும், அதை வைத்தே சொல்லிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சல் வார்டில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ரத்தம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. பலருக்கு அது கடைசி வரை வெளியே தெரிவதில்லை. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, முதல் சில மாத நோயாளிகளில் காரணம் தெரியாத ரத்தக்கசிவு இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் ஆட்களைச் சாய்த்தன.

முதல் இரண்டு மூன்று நாள் திடீர்க் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, எழுந்து நிற்க முடியாத அசதி. மலேரியாவும் டைபாய்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் தொடங்கும். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. அதனால் நான் உடம்பைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைக் கிளறுவேன்: கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனீர்கள்? உண்ணி கடித்ததா? ஆடு மாடு அறுத்தீர்களா? வௌவால் அடையும் குகைக்குள் போனீர்களா? காய்ச்சலில் இறந்த யாரையாவது குளிப்பாட்டினீர்களா? மூன்று வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. எபோலாவும், இதே வகைக் காய்ச்சல்களான மார்பர்க், லாசாவும் தொற்றிய 21 நாளுக்குள் வெளிப்பட்டுவிடும். கிரிமியன் காங்கோ காய்ச்சலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, உண்ணி கடித்த சில நாளிலேயே வந்துவிடும்.

அந்தப் பதில்களில் ஏதாவது உறுத்தினால் மற்ற அறிகுறிகளைத் தேடுவேன். பீளை இல்லாமல் சிவந்த கண், ஊசி போட்ட இடத்தில் நிற்காத ரத்தம், ஈறில் கசிவு, கறுத்த மலம். தோலில் சிவப்புப் புள்ளி இருந்தால் கண்ணாடி டம்ளரால் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. எபோலாவில் விடாத விக்கல் வருவதுண்டு. லாசாவில் தொண்டை வலியும் முக வீக்கமும் வரலாம், பிழைத்தவர்களில் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது. ஆனால் லாசா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள்.

இந்த வகைக் காய்ச்சல்களில் நீங்கள் நேரில் பார்க்க அதிக வாய்ப்புள்ளது டெங்குதான். அதில் ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நேரம். 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாகும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல், அரை மயக்கம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. எல்லோரும் ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீர் வெளியேறி ரத்தம் கெட்டியாகிறதா என்பதை அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வேண்டவே வேண்டாம், கசிவைக் கூட்டும். மூன்று வாரக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால், நேராகப் போய் வரிசையில் உட்காராமல் முதலில் போன் செய்து சொல்லுங்கள். வாந்தி, மலம், ரத்தத்தை வீட்டில் யாரும் வெறும் கையால் தொடக் கூடாது. எபோலா வைரஸின் மரபணுவை ரத்தத்தில் தேடும் பிசிஆர் சோதனையை அறிகுறி தொடங்கிய மூன்று நாளுக்குள் எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அறிகுறி தொடங்கி மூன்று நாள் கழிந்த பிறகு இன்னொரு முறை எடுக்க வேண்டும்.