நான்கு எழுத்துகளை நம்பிப் பணியை மாற்றலாமா?

கேள்வி: அலுவலகப் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு மயர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமை வகைச் சோதனை நடத்தினார்கள். எனக்கு 'ஐ.எஸ்.எஃப்.ஜே' என்று வந்தது; முதல் எழுத்தான 'ஐ', தனிமையை விரும்பும் அகமுகியைக் குறிக்குமாம். விளக்கத்தைப் படித்தபோது, என்னுடன் வாழ்ந்து பார்த்தவர் எழுதியதுபோல் இருந்தது. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதிப் பார்த்தால் 'ஈ.எஸ்.எஃப்.ஜே', அதாவது பலரோடு பழக விரும்பும் புறமுகி என்கிறது. இதற்கிடையில் என் மேலாளர், "நீங்கள் அகமுகி, கிளையன்ட்டுகளிடம் பேசும் வேலை உங்களுக்கு ஒத்துவராது" என்று சொல்லி, வேறு பிரிவுக்கு மாற்ற நினைக்கிறார். இந்தச் சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மேலாளர் செய்ய நினைப்பது முறையல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளெடுப்பதற்கோ, ஒரு பணிக்கு ஒருவர் தகுதியானவரா என்று தீர்மானிப்பதற்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தச் சோதனையை வெளியிடும் நிறுவனமே அறிவுறுத்துகிறது. உங்களுக்கு எது இயல்பாக வருகிறது என்றுதான் அந்தத் தாள் கேட்டது. எதை நன்றாகச் செய்வீர்கள் என்று அது கேட்கவே இல்லை.

இரண்டு முறை இரண்டு விடை வந்ததற்கு நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைக் கோட்பாட்டிலிருந்து, அமெரிக்கர்களான கேதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மயர்ஸும், உளவியலில் முறையான பயிற்சி ஏதும் இல்லாமலேயே, இதை உருவாக்கினார்கள். அகமுகம்-புறமுகம் போன்ற நான்கு இணைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைத் தேர்ந்து மனிதர்களைப் பதினாறு வகைகளாகப் பிரிப்பது இதன் முறை. ஆனால் மதிப்பெண்களை வரைந்து பார்த்தால் மக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் திரள்கிறார்கள். 35 எடுத்தால் தேர்ச்சி என்னும் தேர்வில் 36 வாங்கியவரையும் 98 வாங்கியவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, 34 வாங்கியவரை வேறு இனமாகக் கருதுவது போன்றதுதான் அந்த எழுத்துகள் செய்யும் வேலை. விருந்தில் பலரிடம் பேசுவீர்களா, தெரிந்த சிலரிடம் மட்டுமா என்ற கேள்விக்கு, காலாண்டு முடிவின் களைப்பில் ஒரு விடையும், சித்தி மகள் கல்யாணம் முடிந்து வந்த உற்சாகத்தில் வேறொரு விடையும் எழுதத் தோன்றும். நடுக்கோட்டருகே நிற்பவருக்கு ஓரிரு விடைகள் மாறினாலே எழுத்தும் மாறிவிடும். உங்கள் அறிக்கையில் எழுத்துக்குப் பக்கத்தில், அந்த விருப்பம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று காட்டும் எண் இருந்தால் அதைப் பாருங்கள்; எழுத்தைவிட அந்த எண்ணே கூடுதல் செய்தி சொல்லும்.

அப்படியானால் விளக்கம் அவ்வளவு பொருந்தியது எப்படி? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். பிறகு, அவரவருக்கென்று எழுதிய முடிவு என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். பெரும்பாலான வரிகள் சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. சில நேரம் கலகலப்பாகவும் சில நேரம் ஒதுங்கியும் இருப்பவர் நீங்கள் என்ற பொருளில் ஒரு வரியும் அதில் இருந்தது. யாருக்குத்தான் பொருந்தாது! துல்லியத்துக்கு மாணவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. உங்களுடைய விளக்கம் முழுவதும் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாளில் நீங்களே எழுதிய விடைகளும் அதற்குள் இருக்கின்றன. ஆனால், நெஞ்சைத் தொட்டது என்பதை மட்டும் வைத்து அது சரியான கணிப்பு என்று முடிவுகட்ட இயலாது.

இந்தச் சோதனை ஒன்றுக்கும் உதவாது என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. கூட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் தனியே இருக்கத் தோன்றுவதைத் திமிர் என்று சக ஊழியர்கள் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், அது இயல்புதான் என்று பேசுவதற்கு இது ஒரு வாய்ப்புத் தருகிறது. எந்த வகையையும் இழிவாகச் சொல்லாததால் யாரும் முகம் சுளிக்காமல் பேசவும் முடிகிறது. குறைகளையே பட்டியலிடும் அப்ரைசல் படிவத்துக்குப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அறிவேன்.

ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்துவது 'பிக் ஃபைவ்' என்னும் ஐந்து கூறு அளவீட்டைத்தான். அது ஆளை வகைக்குள் அடைக்காமல், ஒவ்வொரு கூறிலும் எங்கே நிற்கிறார் என்று காட்டுகிறது. விற்பனைப் பணியில் புறமுக இயல்புக்கும் செயல்திறனுக்கும் சிறிதளவு தொடர்பு உண்டு என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த, 1991இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கண்டது. உங்கள் மேலாளர் இதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆனால் உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013இல், தொலைபேசியில் விற்பனை செய்யும் 340 பேரை ஆராய்ந்தபோது, அதிக வருவாய் ஈட்டியவர்கள் அகமுகத்துக்கும் புறமுகத்துக்கும் நடுவில் இருந்தவர்களே. இரண்டு விடை வந்த உங்களுக்கு இது இனிக்கும். இருந்தாலும் இது ஒரே ஒரு ஆய்வு, உங்கள் வேலையும் தொலைபேசி விற்பனை அல்ல.

கிளையன்ட்டுகளிடம் பேசும் வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவே இல்லை. பிடித்திருந்தால், கடந்த ஓராண்டில் நீங்கள் கையாண்ட கிளையன்ட்டுகள், அவர்கள் அனுப்பிய பாராட்டு மின்னஞ்சல்கள், வந்த புகார்கள் ஆகியவற்றைத் தொகுத்துக்கொண்டு மேலாளரிடம் போய், மாற்றத்துக்கு இவற்றில் எது காரணம் என்று பணிவாகக் கேளுங்கள். சோதனை முடிவைத் தவிர வேறு காரணம் அவரிடம் இல்லையென்றால், வெளியீட்டாளரின் அறிவுறுத்தலைச் சுட்டி மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். வேலை பிடித்திருந்தும் நாள் முடிவில் சோர்வு மிஞ்சுகிறது என்றால், பிரிவு மாற்றத்துக்குப் பதிலாக, அடுத்தடுத்த அழைப்புகளுக்கு நடுவே இடைவெளி கேட்டுப் பாருங்கள். பிடிக்கவே இல்லையென்றால் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்கும் கடிதத்தில் உங்கள் விருப்பத்தைக் காரணமாக எழுதுங்கள், அந்த நான்கு எழுத்துகளை எழுத வேண்டாம், ஏனெனில் அடுத்த பதவி உயர்வின்போது அந்தக் கோப்பைத்தான் திறந்து பார்ப்பார்கள்.