சி நிரலில் பைண்ட் செய்தும் பக்கத்துக் கணினியிலிருந்து சர்வரைத் தொட முடியவில்லை, ஏன்?

சர்வர் ஓடும் கணினியிலிருந்து இணைப்பு கிடைக்கிறது, அதே வைஃபையில் உள்ள இன்னொன்றிலிருந்து முயன்றால் உடனே 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்கிறீர்கள். பெரும்பாலும் முகவரியாக 127.0.0.1 கொடுத்திருப்பீர்கள். அது லூப்பேக், அந்தக் கணினியைத் தாண்டாது.

நெட்வொர்க்கில் பேச நிரல் திறக்கும் வாசல்தான் சாக்கெட். அதைத் திறந்ததும் கையில் கிடைப்பது வெறும் ஓர் எண்தான். அதற்கு ஊரும் பேரும் கிடையாது. எந்த ஐபி முகவரியில், எந்த போர்ட்டில் (கணினிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) காத்திருக்க வேண்டும் என்று இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் பதிந்து வைப்பது பைண்ட். 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த ஏற்பாடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். இங்கே ஒரு செம்பனை ஆலையில் லாரியின் எடையை சீரியல் போர்ட்டில் வாங்கி, ஆபிசில் கிராணியின் (கிளார்க்) கணினிக்குக் கொடுக்கும் சின்ன சி நிரல் ஒன்று உண்டு. எழுதியவர் பைண்ட் முகவரியை 192.168.1.20 என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டுப் போய்விட்டார். ரொம்ப நாள் ஓடியது. ஒரு மத்தியானம் இடி மின்னலில் கரண்டு போய் வந்தபோது, ரவுட்டர் அந்தக் கணினிக்கு வேறு எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. தன்னிடம் இல்லாத முகவரியில் பைண்ட் செய்யக் கர்னல் விடாது. 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று நிரல் படுத்துவிட்டது. "தம்பி, தராசு கெட்டுப்போச்சுப்பா, குலை லாரியெல்லாம் ரோடு வரைக்கும் நிக்குது" என்று கிராணி போன் போட்டார். தராசு நன்றாகத்தான் இருந்தது.

முகவரியை 'இன்அட்டர் எனி' (INADDR_ANY), அதாவது கணினியின் எல்லா முகவரியையும் குறிக்கும் 0.0.0.0 ஆக்கினேன். கணினிக்கு எந்த எண் வந்தாலும் நிரல் எழுந்துவிடும். கிராணியின் கணினி பழைய எண்ணையே தேடுமே? அதனால் ரவுட்டரிலும் அந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவைத்தேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஆனால் வெளியார் தொடவே கூடாத சேவை என்றால் 127.0.0.1 தான் சரி, எல்லாவற்றையும் 0.0.0.0-இல் திறந்து போடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது.

போர்ட் எண்ணை, பைட்டுகளை நெட்வொர்க் வரிசைக்கு மாற்றும் 'எச்டுஎன்எஸ்' (htons) வழியாகக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். மறந்தால் சாதாரண இன்டெல் கணினியில் 8080-இன் இரண்டு பைட்டும் இடம் மாறி 36895 ஆகிவிடும். பைண்ட் வாயே திறக்காது, வெற்றி என்று சுழியத்தைத் தரும். நீங்கள் 8080-ஐத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' வருவது வேறு கதை. பழைய இணைப்பு மூடிய பிறகும் 'டைம் வெயிட்' என்ற காத்திருப்பு நிலையில், லினக்ஸில் 60 விநாடி, கிடக்கும். பைண்டுக்கு முன்னால் 'எஸ்ஓ ரீயூஸ்அட்டர்' (SO_REUSEADDR) என்ற சாக்கெட் அமைப்பைப் போட்டால் தீரும். பின்னால் போட்டுப் பயனில்லை. விண்டோஸில் அதே பெயருக்கு நடத்தை வேறு: இன்னொரு நிரல் பிடித்திருக்கும் போர்ட்டிலேயே புகுந்துவிடும், அங்கே தவிர்த்துவிடுங்கள்.

முகவரியை மாற்றிய பிறகு 'ரெஃப்யூஸ்டு' போய், பதிலே இல்லாமல் தொங்கினால் நிரலைக் குடைய வேண்டாம். சர்வர் கணினியின் ஃபயர்வாலில் அந்த போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.