மானியம் நின்ற பிறகும் அடுப்பு எரிய: கேள்வி பதில்

சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) வட்டாரங்களில் முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் சத்துணவு கொடுக்கும் குழுக்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. இப்படி ஒரு திட்டத்துக்கு 18 ஆண்டு பொருளாளராக இருந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஈசூனில் நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு வாரம் ஐந்து நாள் மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். நாளுக்கு 80 பேர். மூன்றாண்டு மானியம் இன்னும் 14 மாதத்தில் முடிகிறது. அடுத்த மானியத்துக்கு இப்போதே எழுதிப் போடலாமா?

எழுதுங்கள் தம்பி. அதற்கு முன் ஒரு சாப்பாட்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். கேட்டால் எல்லாரும் "மூன்று வெள்ளி" (சிங்கப்பூர் டாலர்) என்பார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, மீன், டப்பா, அவ்வளவுதான் அந்த மூன்று வெள்ளி.

உங்கள் அளவிலேயே ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 20,000 சாப்பாடு. ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 3,200 வெள்ளி சம்பளம், அதன்மேல் முதலாளி பங்காக மத்திய சேம நிதி (ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு) 17 விழுக்காடு. ஆண்டுக்கு ஏறக்குறைய 45,000. சமையலறை வாடகை 18,000. வண்டிச் செலவு 9,600. எரிவாயு, மின்சாரம், காப்புறுதி, கணக்குத் தணிக்கை சேர்த்து 7,400. மொத்தம் 80,000. இருபதாயிரத்தால் வகுத்தால் சாப்பாட்டுக்கு இன்னும் நான்கு வெள்ளி. ஆக ஒரு டப்பா ஏழு வெள்ளி, ஆண்டுக்கு 140,000. இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று வெள்ளிக் கணக்கோடு போய் நன்கொடை கேட்டால், ஒவ்வொரு சாப்பாட்டிலும் நான்கு வெள்ளி நட்டத்துக்கு நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

நாங்கள் இந்தக் கணக்கை முதலில் போட்ட இரவு நன்றாக நினைவிருக்கிறது. கழுவிக் கவிழ்த்த குண்டான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வண்டி ஓட்டும் தொண்டூழியர் ரப்பர் வளையம் போட்ட ஒரு ரசீதுக் கட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். இரண்டு ஆண்டாகப் பார்க்கிங், ஈஆர்பி (சாலைக் கட்டணம்) எல்லாம் அவருடைய கைக்காசு. "பரவாயில்லக்கா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஒரு மாதம் முடியாமல் படுத்தால் அந்தச் செலவு திடீரென்று எங்கள் தலையில் வந்து விழும். தொண்டூழியர் இலவசமாகக் கொடுக்கும் நேரத்தையும் பணத்தையும் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். செலவுதான் அது, இன்று வேறொருவர் சுமக்கிறார்.

கணக்கு வந்தபின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆள் தேடுங்கள். சம்பளத்துக்கு மாதாமாதம் வரும் நன்கொடை, வண்டிக்கு ஒரு நிறுவனம், மளிகைக்குத் தேக்கா (லிட்டில் இந்தியா) கடைக்காரர்கள், புதிய முயற்சிக்கு மட்டும் மானியம். ஒரு மானியத்தை இன்னொரு மானியத்தால் மாற்றினால் மூன்றாண்டு கழித்து இதே கேள்வியோடுதான் வருவீர்கள்.

மாதாமாதம் நன்கொடை என்கிறீர்கள். யார் கொடுப்பார்கள்?

சிறு தொகையை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பு 1991இல் தொடங்கியது. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கும் சிறு தொகைகள் அதற்குப் பெரும் பலம். பல அறநிறுவனங்களுக்காக நிதி திரட்டும் கம்யூனிட்டி செஸ்ட்டின் ஷேர் திட்டமும் சம்பளப் பிடித்தம்தான். 300 பேர் மாதம் 20 வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 72,000. மேலே சொன்ன செலவில் பாதிக்கும் மேல். ஒரே நாளில் 300 பேர் கிடைக்க மாட்டார்கள். முதல் ஆண்டு 60 பேர் சேர்ந்தாலே நல்ல தொடக்கம். சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் தொண்டூழியர்களின் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். அந்த வீடுகளுக்குத் திட்டம் ஏற்கெனவே தெரியும்.

வரிவிலக்கு ரசீது கொடுக்கும் தகுதி வாங்க வேண்டுமா? நாங்கள் பெரும்பாலும் இந்திய முதியவர்களுக்குத்தான் கொடுக்கிறோம்.

பொது நலத் தன்மை கொண்ட நிறுவனம், அதாவது ஐபிசி தகுதியைக் கேட்கிறீர்கள். 2016 முதல் அத்தகைய நிறுவனத்துக்குத் தரும் ரொக்க நன்கொடையின் 250 விழுக்காடு வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. 11.5 விழுக்காட்டு வரி வரம்பில் இருப்பவர் 1,000 வெள்ளி கொடுத்தால் வருமானத்தில் 2,500 கழியும், வரியில் 287.50 வெள்ளி மிச்சம். நிறுவனங்களோடு பேசும்போது இது பெரிய உதவி.

ஆனால் அந்தத் தகுதிக்குத் திட்டம் சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும். இனம், சமயம் என்று ஒரு பிரிவுக்குள் அடங்கினால் அமைச்சரின் தனி ஒப்புதல் தேவை. ஆகவே "இந்திய முதியோர்" என்று எழுதாமல் "இந்த மூன்று புளோக்கில் நீரிழிவு உள்ள முதியோர்" என்று வையுங்கள். எழுத்தோடு நிற்காமல் அப்படியே நடத்துங்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டிக்கும் சீனத் தாத்தாவுக்கும் சர்க்கரை ஒன்றுதானே. ஹலால் சமையல், மாட்டிறைச்சி இல்லாத சமையல் என்று முதலிலேயே திட்டமிட்டால் எல்லாரும் ஒரே குண்டானில் சாப்பிடலாம்.

சாப்பிடுகிறவர்களிடம் காசு வாங்கலாமா? எங்கள் குழுவில் பெரிய சண்டை.

வாங்கலாம் என்பது என் கருத்து, கட்டாயமாக்கக் கூடாது. மூடிய பெட்டி ஒன்றை வைத்தோம், விருப்பம் உள்ளவர்கள் போடட்டும் என்று. ஒரு பாட்டி தினமும் ஒரு வெள்ளி நாணயத்தைக் கைக்குட்டை முடிச்சிலிருந்து அவிழ்த்துப் போடுவார். போட்ட பிறகுதான் டப்பாவைக் கையில் வாங்குவார். அவருக்கு அது மானப் பிரச்சினை. பெட்டி உங்கள் செலவில் சிறு பங்கைத்தான் தரும். யார் போட்டார், யார் போடவில்லை என்று ஒருவரும் பார்க்காதபடி வையுங்கள், அது போதும்.

மூட்டை மூட்டையாக வெள்ளை அரிசியும் இனிப்புப் பாலும் நன்கொடையாக வருகின்றன. செலவு குறைகிறதே என்று வாங்கிக்கொள்கிறோம். தவறா?

நீரிழிவுக்காரர்களுக்குச் சமைக்கும் திட்டத்தில் இனிப்புப் பாலுக்கு என்ன வேலை? இலவசம் என்பதற்காகத் தட்டை மாற்றினால் திட்டத்தின் நோக்கமே போய்விடும். என்ன வேண்டும் என்ற பட்டியலை நீங்கள் கொடுங்கள்: தவிட்டோடு கூடிய அரிசி, பருப்பு, உப்புக் குறைந்த சாஸ், டின் மீன். பொருந்தாதவற்றை, நன்கொடை உணவைச் சேர்த்துப் பகிரும் ஃபுட் பேங்க் போன்ற இடங்களுக்கு அனுப்பிவிடுங்கள். உபரி உணவை நல்லெண்ணத்தோடு, உணவுப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றி நன்கொடையாகத் தருவோருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 2024இல் நிறைவேறியது. ஹோட்டல்காரர்கள் தயங்கினால் அதை எடுத்துச் சொல்லுங்கள்.

வங்கியில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. "உங்களிடம்தான் பணம் இருக்கிறதே" என்று ஒரு நன்கொடையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பெரிய கையிருப்பு இருந்தும் அதைக் குறைத்துக் காட்டி நன்கொடை திரட்டியது 2005இல் அம்பலமான தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரத்துக்குப் பிறகு மக்கள் கையிருப்பைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். கேட்பதற்கு முன்பே பதிலை எழுத்தில் வைத்திருங்கள்: "ஆறு மாதச் செலவான 70,000 வெள்ளியைக் கையிருப்பாக வைக்கிறோம், காரணம் இது, இதற்கு மேல் சேர்ந்தால் இப்படிச் செலவிடுவோம்." செயற்குழு அதை ஒப்புக்கொண்டு ஆண்டறிக்கையில் போடட்டும். இன்னொன்று: குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணத்தைப் பொதுப் பணத்தோடு சேர்த்துக் காட்டாதீர்கள். வங்கியில் 90,000 இருக்கும், அதில் 60,000 மானியக்காரர் சொன்ன வேலைக்கு மட்டுமே. சம்பளம் போட முடிவது மிச்சத்தில்தான்.

செலவழித்த பிறகே திருப்பித் தரும் மானியங்களும் உண்டு. எங்களுக்கு ஒருமுறை அப்படி வரவேண்டிய பணம் ஐந்து மாதம் தாமதமானது. கையிருப்பு இல்லாதிருந்தால் அந்த மார்ச்சிலேயே அடுப்பு அணைந்திருக்கும்.

நிதி திரட்டு விருந்து வைக்கலாமா?

வைக்கலாம், அளவோடு. திரட்டும் செலவு ஆண்டில் திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. மண்டப வாடகையைப் பேசும்போதே அந்த எண் மனத்தில் இருக்கட்டும்.

கேட்டரிங் தொழில் தொடங்கி அந்த லாபத்தில் திட்டத்தை நடத்தலாம் என்கிறார் எங்கள் தலைவர்.

அவசரப்பட வேண்டாம். மதியம் 80 சாப்பாடு கட்டும் அதே கைகள்தான் கல்யாண ஆர்டருக்கும் வடை சுட வேண்டும். எந்த ஆர்டர் தாமதமானால் திட்டு விழும் என்று நினைக்கிறீர்கள்? காசு கொடுத்தவருடையது. முதியவர் காத்திருப்பார், புகார் சொல்ல மாட்டார். தனி ஆள், தனிக் கணக்கு, தனி நேரம் இருந்தால் யோசியுங்கள்.

எல்லாம் செய்தும் பணம் கிடைக்காமல் நிறுத்த வேண்டி வந்தால்?

மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். அந்த மூன்று மாதத்துக்கான பணத்தைக் கையிருப்பிலிருந்து யாரும் தொடாமல் வையுங்கள். அருகிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்தோடும் (முதியோருக்கான அக்கம்பக்க நிலையம்) மற்ற உணவுக் குழுக்களோடும் பேசி ஒவ்வொருவரையும் கைமாற்றுங்கள். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும், அதை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்: யாருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் பல் இல்லாததால் சாதம் குழைய வேண்டும், யார் கதவைத் திறந்து வர ஐந்து நிமிடம் ஆகும்.