பளு அல்ல, பட்டினிதான் ஹார்மோனைக் கெடுக்கிறது

வேலூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருந்தார்: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பளுதூக்குகிறாள், இரும்பைத் தூக்கினால் ஆண் ஹார்மோன் கூடிவிடும், பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று அத்தைமார் சொல்கிறார்கள், பயிற்சியை நிறுத்திவிட்டு, நகையை அடகு வைத்தாவது ஓராண்டு நீட் பயிற்சி விடுதியில் சேர்த்துவிடலாமா?

அம்மா, பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைத் தந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி அஞ்ச வேண்டியதில்லை. கடுமையான பயிற்சிக்குப் பின் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் சற்று உயரலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவை பழைய அளவுக்கு வந்துவிடும். பெண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 70 நானோகிராம். வளர்ந்த ஆணுக்கோ 300க்கு மேல். ஊக்கமருந்து எடுத்தால் ஒழிய, பளு தூக்குவதால் மட்டும் அந்த இடைவெளி நிரம்பாது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 199 கிலோ தூக்கி ஒரே ஒரு கிலோவில் பதக்கத்தைத் தவறவிட்ட மீராபாய் சானு, அது தமக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஆனால் உங்கள் மகள் காட்டிய பயிற்சிக் குறிப்பேடு வேறொன்றைச் சொல்கிறது. தூக்கிய கிலோ, காலை உடல் எடை, உறங்கிய நேரம் என்று கட்டம் போட்டு, மாதவிலக்கு நாள்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறாள். ஒரு எடைப் பிரிவு கீழே இறங்குவதற்காக இரவு உணவை விடத் தொடங்கிய பிறகு மூன்று மாதங்களாகப் புள்ளியே இல்லை. உண்பது பயிற்சிக்கே செலவாகிவிட்டால், மூளையின் ஹைப்போதலாமஸ் இனப்பெருக்கத்துக்கான சமிக்ஞையைக் குறைத்துவிடும். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சரியும். எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில் அது மெலியத் தொடங்கும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை ஆண் வீரர்களையும் தாக்கும் கோளாறாக வரையறுத்தது. ஆகவே இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி போன்ற காரணங்களையும் அவர் பார்க்க வேண்டும். இரவுச் சாப்பாடு இன்றே திரும்பட்டும்.

இனி படிப்பு. நகையை அடகு வைத்து நீட் விடுதிக்குக் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மருத்துவம் அவளுடைய விருப்பமன்று, உறவினர்களுடைய விருப்பம். இடம் கிடைக்காவிட்டால் வட்டி கட்டப்போவது அவர்கள் அல்லர். தன் உடலையே அளந்து எழுதும் பிள்ளைக்கு விளையாட்டு அறிவியல் என்ற துறை இருப்பதை யாரும் சொல்லவில்லை. முகமூடி அணிந்து ஓடுபவரின் மூச்சிலிருந்து ஆக்சிஜன் பயன்பாட்டை அளப்பது, காதுமடலில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில், தசை கடுமையாக உழைக்கும்போது கூடும் லாக்டேட்டைப் பார்ப்பது, எச்சிலில் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனைச் சோதித்து வீரருக்கு ஓய்வு போதுமா என்று கணிப்பது, தோல் மடிப்பைக் கிடுக்கியால் பிடித்துக் கொழுப்பை மதிப்பிடுவது ஆகியவை அங்கே அன்றாட வேலை. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இத்துறைப் படிப்புகளை விசாரியுங்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மணிப்பூரில் அமைந்த தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பயிற்றுநர் பட்டப்படிப்பில் பளுதூக்குதலும் ஒரு பிரிவு. தூரம்தான் யோசிக்க வைக்கும். பிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயம் பெற்றால் பயிற்றுநர் பணிக்கு மதிப்புக் கூடும். தொடக்கச் சம்பளம் குறைவு, அதை மறைக்கவில்லை. ஆனால் கடனில்லாமல் தொடங்கும் குறைந்த சம்பளம் வேறு, வட்டியோடு தொடங்குவது வேறு.

பயிற்றுநரிடம் நீங்களே பேசுங்கள். மாதவிலக்கு சீராகும் வரை எடை குறைப்பு வேண்டாம் என்றும், இப்போதுள்ள எடைப் பிரிவிலேயே மகள் தூக்குவாள் என்றும் சொல்லுங்கள். அவர் மறுத்தால் மாற்ற வேண்டியது பயிற்றுநரை, விளையாட்டை அல்ல.