செர்ரி சாப்பிட்டால் கௌட் குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

"எனக்குக் கௌட் மூட்டுவலி இருக்கிறது. தினமும் செர்ரி சாப்பிட்டால் போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?" – உட்லண்ட்ஸ் வாசகர்

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். செர்ரிக்கு இவ்வளவு பெயர் வந்ததற்கு முக்கியக் காரணமே கௌட்தான், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கௌட் உள்ள 633 பேரைக் கவனித்தார்கள். செர்ரி சாப்பிட்ட இரண்டு நாள்களில் வலி கிளம்பும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்தது, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபுரினால் மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கோ 75 சதவீதம் குறைவு. இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கு முக்கியம். அப்புறம், செர்ரியால்தான் குறைந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து வந்ததைக் காட்டியது, அவ்வளவுதான். மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகங்கள் கரைய வேண்டுமானால் ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே தொடர்ந்து இருக்க வேண்டும், அதைச் செய்வது மாத்திரை. செர்ரியைக் கூடவே சாப்பிடுங்கள். பீர், ஈரல், நெத்திலி, மத்தி இவற்றைக் குறையுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

"அம்மாவுக்குச் சர்க்கரை நோய். செர்ரி கொடுக்கலாமா? ஜூஸ் பரவாயில்லையா?" – ஈசூன் வாசகி

பழமாகக் கொடுங்கள், ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். 100 கிராமில் ஏறக்குறைய 13 கிராம் சர்க்கரை, 2 கிராம் நார்ச்சத்து. ஜூஸில் அந்த நாரும் போய்விடும், ஒரே மூச்சில் நிறையக் குடித்தும் விடுவோம். கடையில் எடுக்கும்போது பானத்தின் தரத்தைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், 'டி' என்றால் 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் பொட்டாசியம் கணக்கும் வரும், அவரைப் பார்க்கும் உணவியலாளரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

"ராத்திரி தூக்கம் வருமாமே?"

புளிப்புச் செர்ரிச் சாற்றை வைத்துச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, தூக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான மெலடோனின் அந்தச் சாற்றில் கொஞ்சம் உண்டு. நாம் இங்கே பெட்டியில் வாங்குவது பெரும்பாலும் இனிப்பு வகை. தூக்கத்துக்காகக் காசு செலவழிக்காதீர்கள், முதலில் சாயங்காலக் கோப்பியை நிறுத்திப் பாருங்கள்.

"பையன் கொட்டையை விழுங்கிவிட்டான், பயமாக இருக்கிறது." – செங்காங் வாசகி

முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். மென்று உடைத்தால்தான் அதற்குள் இருக்கும் பொருளிலிருந்து சயனைடு உண்டாகும், அதனால் கொட்டையை அரைப்பது, கடிப்பது வேண்டவே வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை தொண்டையில் சிக்குவதுதான். சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டை எடுத்து, நறுக்கிக் கொடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

"விலை கட்டுப்படியாகவில்லை. இதே சத்து வேறெதில்?"

கொய்யா வாங்குங்கள்! வைட்டமின் சி 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல், செர்ரியில் வெறும் 7தான். செர்ரிக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் வேண்டுமென்றால் கறுப்புத் திராட்சை, ஊதா முட்டைக்கோஸ் இருக்கின்றன. ஆசைக்குச் செர்ரி என்றால் அமெரிக்கப் பழம் வரும் ஜூன், ஜூலையிலோ ஆஸ்திரேலியப் பழம் வரும் ஆண்டு இறுதியிலோ காம்பு பச்சையாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

"கேக்கின் மேல் இருக்கும் செர்ரி?"

இந்தியாவில் தயாராகும் பல டப்பாக்களில் இருப்பது செர்ரியே இல்லை, சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏற்றிய களாக்காய். அதைப் பழக் கணக்கில் சேர்க்காதீர்கள்.